இரண்டு தடவை மிதந்த பிரிட்ஜ்

தம்புசாமிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாளாகிறது. கிள்ளான் துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்குகிற உடம்பு. குனிந்தால் நிமிரவும், நிமிர்ந்தால் குனியவும் யோசித்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அசையாமல் படுப்பது என்று முடிவு.

அந்த முடிவு சனிக்கிழமை காலை பத்து மணி வரை நின்றது.

"என்னங்க, எந்திரிங்க! வெள்ளம் வருதாம்!"

மனைவி மலர் கைப்பேசியை நீட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பின்னால் சாவு மேளம் மாதிரி ஓர் இசை. "கிள்ளான் மூழ்குமா?" என்று செய்திக்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள், பதில் மட்டும் சொல்லவில்லை.

வெளியே கொடியில் கிடந்த துணிகூட இன்னும் நனையவில்லை.

"சும்மா தூறல்தான் லா."

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க."

2021 வெள்ளத்தில் வீட்டின் கீழ்த்தளச் சாமான் அத்தனையும் போயிற்று. இரண்டு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தவள் அவள். அதிலிருந்து வானம் இருட்டினால் செய்தி போடுவாள். செய்தி போட்டதும் வானம் இன்னும் இருட்டும்.

புது பிரிட்ஜ் மாடிக்குப் போயே ஆக வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு லோரி டிரைவர் யுகேந்திரன் கூப்பிடாமலே வந்தான்.

"நீங்க மேல பிடிங்கண்ணே, பாரத்த நான் கீழ தாங்கிக்கறேன்."

படிக்கு ஒரு முருகா என்று ஏற்றினார்கள். பாதியில் தம்புசாமியின் இடுப்பில் சடக்கென்றது. மண்டோர் முகம் கண்முன் வந்து போனது.

மேலே வைத்து மூச்சு விடுவதற்குள் கீழே மலர் அலறினாள். "ஐயோ, நம்ம பிரிட்ஜ் மிதக்குது!"

"இங்கதான்டி இருக்கு!" பிரிட்ஜில் சாய்ந்தபடியே கத்தினார்.

மலர் ஓடிவந்து கைப்பேசியைக் காட்டினாள். பழுப்புத் தண்ணீரில் ஒரு பிரிட்ஜ் மல்லாந்து போனது. கதவில் பத்துமலை முருகன் ஸ்டிக்கர், வேல் மட்டும் கிழிந்து.

யுகேந்திரன் திரையின் மூலையை இரண்டு விரலால் விரித்தான். எறும்பளவு எழுத்தில் 'கோப்புப் படம்' என்றிருந்தது. "அக்கா, இது அன்னிக்குப் போன உங்க பழைய பிரிட்ஜு!"

மலர் உற்றுப் பார்த்தாள். "நல்ல பிரிட்ஜுப்பா. பதினோரு வருஷம், ஒரு ரிப்பேர் கிடையாது." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப இத எறக்கிடலாமா?" என்றார் தம்புசாமி.

"ஐயே, வேணாம். மழை நிக்கட்டும்."

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யுகேந்திரனின் மனைவி வாணி குரல் கொடுத்தாள். "ஏங்க! டிவில பிரிட்ஜே மிதக்குது! நம்மளத எப்பத் தூக்கறது?"

யுகேந்திரன் தம்புசாமியைப் பார்த்தான்.

"செவ்வாக்கெழம வரேன்டா. திங்கக்கெழம தப்பிச்சா."

"அதுக்குள்ள வெள்ளம் வந்துட்டா?"

"பழைய படம்னு நீதானடா காட்டுன!"

"அத வாணிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்கண்ணே."

திங்கட்கிழமை இடுப்பில் இரண்டு வலி பிளாஸ்டரோடு தம்புசாமி வேலைக்குப் போனார். வேலை போகவில்லை. வெள்ளமும் வரவில்லை. வாணி மட்டும் அவரோடு பேசுவதில்லை. யுகேந்திரன் வீட்டு பிரிட்ஜைத் தூக்கித் தர வேண்டிய கடன் தம்புசாமிக்கு இன்னும் பாக்கி.