இருநூற்றுப் பதினாலுக்கு ஒரு கையெழுத்து

அந்த வருஷக் கோடையில் நிழலே நிழல் தேடி அலைந்தது. மரப்பூங்காவில் பாதி மரங்கள் எலும்பும் தோலுமாக நின்றன. அந்த மண்ணுக்கே உரிய மரங்களை மட்டும் காப்பாற்றி வளர்க்கிற பூங்கா அது. அந்த மரங்கள் சரியான நடிகர்கள். வெயில் ஏறினால் செத்ததுபோல் நிற்கும். முதல் மழைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் துளிர்க்கும்.

இது பூங்காவுக்கு நாற்று வளர்த்துத் தரும் நாற்றங்கால்காரிக்குத் தெரியும். புது மேலாளருக்குத் தெரியாது. வந்த அன்றே தன் ஜன்னலுக்கு எதிரே புல்தரை போடவேண்டும் என்று ஆரம்பித்தவர், தூக்கத்திலும் அதையே முணுமுணுப்பதாகக் கேள்வி. பூங்கா முழுக்க அவருக்குப் பெயரே 'புல்தரை' என்றாகிவிட்டது.

புல்தரைக்கு இடைஞ்சலாக நட்டநடுவே நின்றது இருநூற்றுப் பதினாலு. ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத் தகடு தொங்கும். தகடு உள்ள மரத்தை வெட்டுவதென்றால், நாற்றங்கால்காரி நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்து, பதிவேட்டில் 'இறந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பூங்கா தொடங்கிய நாளிலிருந்து விதி அது.

வெள்ளிக்கிழமை காலை அந்த மரத்தடியில் நின்ற நாற்றங்கால்காரியிடம் புல்தரை பதிவேட்டோடு வந்தார். பின்னாலேயே மோட்டார் ரம்பத்தோடு மரம்வெட்டி. வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கூப்பிட்டாங்க, வந்தேன்."

"வாங்க கொழுந்தனாரே. வீட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் மூணு வருஷமா வழி தெரியல."

புல்தரை தொண்டையைச் செருமினார். "இது செத்து ஆறு மாசம் ஆயிருக்கும்மா. ஒரு கையெழுத்துதானே."

அவள் அடிமரத்தைக் கீறினாள். மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது.

"அது பாசி," என்றார்.

"இந்த வெயில்லயா சார்? எங்க குளியலறையிலயே பாசி காஞ்சு உதிருது."

கொழுந்தன் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தான். இருமல் வரவில்லை.

"நாளைக்கே உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுக் கையெழுத்து வாங்கிக்குவேன், தெரியும்ல," என்றார் புல்தரை.

அவள் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. நங்கூரமாகப் போட்டால் கப்பலே நிற்கும், அத்தனை கனம். அதில் சாவிகளோடு ஒரு பழைய தகடும் கிடந்தது: எண்பத்தேழு.

பதினோரு வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கோடை. எண்பத்தேழும் இருநூற்றுப் பதினாலும் ஒரே இனம். அந்த வட்டாரத்திலேயே அவை இரண்டுதான் மிச்சம். எண்பத்தேழை வெட்டச் சொல்லி அப்போதிருந்த மேலாளர் அவசரப்படுத்தினார். அவள் ஒரே ஒரு கிளையைக் கீறிப் பார்த்தாள். அது பட்டுப்போன கிளை. கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெட்டிய பத்தாம் நாள் அடிக்கட்டையில் துளிர் வந்தது. அவள் வேலி கட்டக் கழி எடுத்து வருவதற்குள் கட்டையைத் தோண்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"குடுங்க சார்," என்று கையை நீட்டினாள்.

புல்தரையின் முகத்தில் அப்போதே புல் முளைத்துவிட்டது. பதிவேட்டையும் பேனாவையும் கொடுத்தார்.

அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். பதினோரு வருஷம் புரட்டினாள். எண்பத்தேழுக்கு நேரே இருந்த 'இறந்தது' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: 'உயிரோடு வெட்டப்பட்டது. தவறாகக் கையெழுத்திட்டவள் நான்.' கீழே இன்றைய தேதி போட்டாள்.

"என்னம்மா இது? இதுக்கு வேலையே போயிடும்."

"போனா போகட்டும் சார். இருநூத்திப் பதினாலுக்கு நேரா வரி காலியா இருக்கு. என் கையெழுத்து அதுல விழாது. வேற ஆள் எதுக்கு? நீங்களே கீறிப் பாத்துட்டு உங்க பேரைப் போடுங்க. கட்டையில துளிர் வந்தா, இதே மாதிரி ஒருநாள் நீங்களும் எழுதலாம்."

புல்தரை அந்தக் காலி வரியைப் பார்த்தார். பிறகு, விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர்போல், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நீ வெட்டுப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

கொழுந்தன் தன் நகத்தால் இன்னொரு இடத்தில் கீறினான். குனிந்து பார்த்தான். "பட்ட மரம்னுதானே கூப்பிட்டீங்க சார். இது பச்சை." ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன் அண்ணி."

"வாங்க. அந்த ரம்பத்தை மட்டும் தெருவுலயே வச்சிட்டு வாங்க."

புல்தரை மெமோ அடிக்க உள்ளே போனார். தட்டச்சுச் சத்தம் நாற்றங்கால் வரை கேட்டது. அவள் எண்பத்தேழைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி, இருநூற்றுப் பதினாலின் தகட்டோடு ஒரே கம்பியில் மாட்டினாள்.

மரம் அன்றைக்கும் துளிர்க்கவில்லை. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கு என்ன அவசரம்?