டி டிரைவில் கை வைக்கக் கூடாது

ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் குரலை நேரில் கேட்டாலே எனக்கு ஆகாது. வாட்ஸப்பில் கேட்டபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அச்சகக்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்க. நாகல்நகர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற மகேஸ்வரி, அதை யாரும் கடைக்குள்ள விடாதீங்க. அதுவே வைரஸைப் போட்டுட்டுப் போகுது. பொறவு நாமளே கூப்பிட்டுத் துட்டையும் குடுக்குறோம். ஏமாந்தது நானாவே இருக்கட்டும்."

திண்டுக்கல் வட்டாரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள், பிளக்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் இருக்கிற குரூப் அது. நான் அதில் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் எனக்கு அனுப்பிவைத்திருந்தார். மத்தியானத்துக்குள் சின்னாளப்பட்டிக் கடைக்காரர், "இப்ப வேணாம்மா, பொறவு பாப்போம்" என்று போனை வைத்துவிட்டார். வேறு சிலர் எடுக்கவே இல்லை. என் பிழைப்பே இந்த அச்சகங்கள்தான். இந்தப் பேச்சு இப்படியே நின்றால் நான் ஷட்டரை இறக்கிவிட்டு மில் வேலைக்குத்தான் போக வேண்டும்.

நடந்தது இதுதான். மேட்டுப்பட்டியில் அவர் வைத்திருக்கிற பத்திரிகைக் கடையின் சிஸ்டத்தில் வைரஸ். போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. எதைத் தொட்டாலும் சூதாட்ட விளம்பரம் வந்து குதித்தது. நான் போய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். "சி-யை என்ன வேணா பண்ணு, டி டிரைவுல கை வைக்கக் கூடாது" என்று தலைமாட்டிலேயே நின்றார். டி-யில்தான் அவருடைய சொத்தே இருக்கிறதாம், பழைய பத்திரிகை, பார்டர், படம், எல்லாம். கொஞ்ச நாளில் வைரஸ் திரும்ப வந்தது. மறுபடி போனேன், டி-யையும் அலசினேன், மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. அதுவும் எப்படி வந்தது? கோயில் திருவிழா நோட்டீஸுக்கு பங்கு பாதர் வந்து உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருக்கும்போது, புனிதர் படத்துக்கு மேலேயே அரைகுறை உடுப்போடு ஒருத்தி வந்து கண்ணடித்திருக்கிறாள். பாதர் எழுந்து போய்விட்டார். அந்தக் கோபத்துக்கு நான் அகப்பட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போனேன். ரிப்பேர் பார்க்க இல்லை, சண்டை போட.

"படி ஏறாத" என்றார்.

"ஏறத்தான் வந்திருக்கேன். நான் வைரஸ் போட்டதை நீங்க பாத்தீங்களா?"

"நீ வந்துட்டுப் போற, அது வருது. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?"

"சரி. குரூப்புக்கு அட்மின் சேவியர் அண்ணந்தான? அவரைக் கூப்பிடுங்க. அவர் கண்ணு முன்னாடி போடுறேன். என்னால வந்துச்சுன்னா இன்னையோட கடையை மூடிடுறேன். உங்களால வந்துச்சுன்னா அதே குரூப்புல, அதே வாயால சொல்லணும்."

"சொல்றேன்த்தா. உன் ஷட்டருக்கு நானே பூட்டு வாங்கித் தாரேன்" என்றார்.

சேவியர் அண்ணன் பெரிய அச்சகக்காரர். அச்சக சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். நாட்டாமை பண்ணக் கூப்பிட்டால் சோற்றுக் கையோடு எழுந்து வருவார். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "ம், ஆரம்பிம்மா" என்றார்.

முழு டிஸ்க்கையும் அழிக்கப் போகிறேன் என்றதும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். "டி-யையுமா? ஏ, உன் வீட்டுச் சொத்தா அது?" சேவியர் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படங்களையும் டிசைன்களையும் மட்டும் என் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். வைரஸ் ஒளிந்து ஓடக்கூடிய பைல் ஒன்றையும் எடுக்கவில்லை. அதன் பிறகு சி, டி என்று ஒரு கோடு மிச்சமில்லாமல் அழித்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

விண்டோஸ் ஏற ஆரம்பித்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மூன்று பேரும் அந்தச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சும்மா இருக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஸ்க்ரூ டிரைவர் வேலை" என்று சேவியர் அண்ணனிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். டீக்கடைக்குப் போன் செய்து இரண்டு டீ சொன்னார். வந்த டீயை இரண்டு பேரும் என் முன்னாலேயே உறிஞ்சினார்கள். என் வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

எல்லாம் ஏறியது. ஆன்டிவைரஸ் போட்டு முழுக்க அலசினேன், ஒன்றுமில்லை. அவருடைய டிசைன்களைத் திரும்ப ஏற்றி, என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அதையும் அலசினேன், ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டுக் காட்டினேன்.

"சுத்தமா இருக்கு மச்சான்" என்றார் சேவியர் அண்ணன்.

நான் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். "இனிமே நான் தொட மாட்டேன். நீங்க தினமும் பாக்குற மாதிரி வேலையைப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். பத்திரிகை அடிக்கிற பழைய சாப்ட்வேர் வேண்டும். பூட்டு உடைத்த திருட்டுச் சரக்கை நான் போட்டுத்தர மாட்டேன் என்று முதல் தடவையே சொல்லியிருந்தேன். அதனால் ஒவ்வொரு தடவையும் நான் போன பிறகு அவரே போட்டுக்கொள்வார். எப்படிப் போடுவார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். மாட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸைத் திறந்து, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அணைத்தார். நெற்றியில் சிலுவை போடுகிற வேகத்தில் அணைத்தார்.

"அதை எதுக்குண்ணே அமத்துறீங்க?" என்றேன். குரலை மெதுவாகத்தான் வைத்துக்கொண்டேன்.

"அமத்தலன்னா இந்தச் சனியன் சாப்ட்வேரையும் தமிழ் எழுத்தையும் தின்னுட்டுப் போயிரும். இதுகூடத் தெரியாம சர்வீஸ் பாக்க வந்துட்ட."

வைரஸ் என்று அது கத்தியிருக்கிறது. கத்துகிற வாயை இவர் ஒவ்வொரு தடவையும் பொத்தியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெறிதான் வந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. போடட்டும் என்று நின்றேன்.

போட்டார். செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிஸ்டம் தானாக அணைந்து மறுபடி வந்தது. ஆன்டிவைரஸ் திறக்க மறுத்தது. திருமணம், காதணி விழா, நினைவஞ்சலி என்று வரிசையாக இருந்த போல்டர்களெல்லாம் எங்கள் கண் முன்னால் ஷார்ட்கட்டாக மாறின. மூலையில் சூதாட்ட விளம்பரம் எட்டிப் பார்த்தது.

"பாத்துக்கங்க" என்றேன்.

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் திரையைப் பார்த்தார், பென் டிரைவைப் பார்த்தார், அப்புறம் சேவியர் அண்ணனைப் பார்த்தார். "ஏலே சேவியரு. இது நீ குடுத்ததுடா. சங்கத்து ஆண்டுவிழாவுல எல்லாருக்கும் அன்பளிப்புன்னு குடுத்தியே."

சேவியர் அண்ணன் முகம் தொங்கிப்போனது. சாப்ட்வேரும் எழுத்தும் சேர்த்து, மேலே தன் அச்சகத்தின் பெயரைப் பொறித்து, சங்கத்துக்காரர்கள் ஒருத்தர் விடாமல் அவர் கொடுத்த பென் டிரைவ் அது. மெல்ல எழுந்து கதவைச் சாத்தினார்.

"இந்தா பாரு மகேசு. நடந்தது நடந்துபோச்சு. இதை வெளியில பேச வேணாம். நான் அட்மின், அந்த வாய்ஸை டெலிட் பண்ணிடுறேன்." போனை எடுத்து அழுத்திக் காட்டினார். "பாரு, போயிருச்சு. இனி எல்லார் கடைக்கும் உன்னையவே கூப்பிடச் சொல்றேன்."

"ஆமாத்தா, அதான் போயிருச்சுல்ல" என்றார் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன். காலையில் பூட்டு வாங்கித் தருகிறேன் என்ற அதே வாய்.

"டெலிட் பண்ணினா போயிரும்னா எனக்கு இங்க என்னண்ணே வேலை?" என்றேன். "அம்புட்டுப் பேரும் கேட்டாச்சு. கேட்ட காதுலருந்து எப்படி எடுப்பீங்க? சொல்றேன்னு சொன்னீங்க, சொல்லுங்க."

நான் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"ஏ, இப்படியே போட்டுட்டுப் போனா எப்படி? முகூர்த்தம் வருது, டிசைனெல்லாம் உன்கிட்டத்தான் இருக்கு."

"பத்திரமாத்தான் இருக்கும். நீங்க சொன்ன பொறவு வாரேன்."

வண்டியில் சாவியைப் போடும்போது அவர் படியில் இறங்கி வந்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தெருவே பார்க்கிற மாதிரிக் கத்தினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. மகேஸ்வரி மேல தப்பில்ல. நான் சொன்னது தப்பு. வைரஸ் இருந்தது பென் டிரைவுல. சேவியரு ஆண்டுவிழாவுல குடுத்த பென் டிரைவு."

"என் பேரை எதுக்குடா இழுக்குற!" என்று பின்னால் சேவியர் அண்ணன் பதறியதும் அதிலேயே பதிவாகிவிட்டது. தான் மட்டும் அவமானப்பட ஸ்தனிஸ்லாஸ் அண்ணனுக்கு மனசு வரவில்லை. எனக்காகச் சொன்னாரா, சேவியரை மாட்டிவிடச் சொன்னாரா என்றால், இரண்டாவதுதான்.

சேவியர் அண்ணனின் போன் விடாமல் சத்தம் போட ஆரம்பித்தது. வாசலுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படித்தார். சாணார்பட்டியில் ஒருத்தருக்குப் பங்குனியிலிருந்தே இதே தொல்லையாம். நிலக்கோட்டைக்காரர் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிட்டாராம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: மகேஸ்வரி நம்பர் யார்ட்ட இருக்கு?

என் நம்பர் அத்தனை பேரிடமும் இருந்ததுதான். ஒரே நாளில் அழித்திருக்கிறார்கள். வாய்ஸைக் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அத்தனை வருஷம் அவர்கள் மேஜைக்கு அடியில் தூசிக்குள் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். ஒருத்தராவது போன் போட்டு, "உண்மையா மகேசு?" என்று கேட்டிருக்கலாம்.

"நம்பரைப் போட்டுறவாம்மா?" என்றார் சேவியர் அண்ணன்.

"வேணாம். கடை எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க சிபியூவை அவங்கவங்களே தூக்கிட்டு வரச் சொல்லுங்க. இனிமே நான் எவர் கடைப் படியும் ஏற மாட்டேன்."

"நானுமா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்.

"நீங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.