ஏரி சொன்னதைச் சொல்லக் கூடாது

ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்ட பிறகும் ஆர்லிஸின் காதை விட்டு அந்த முனகல் போகவில்லை. படகுத்துறைப் பலகையில் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவின் ஏப்ரல் வெயிலில் ஏரி ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. நடுவில் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஊரார் இழுத்துப்போய் நிறுத்திய பழைய பச்சைக் கார். பனி உருகி அது எந்த நாள் உள்ளே போகும் என்று சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டுவது ஹால்வர் ஊரின் வழக்கம். வசூல் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும். காரையும் தாண்டி, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களின் கூடாரங்கள் தெரிந்தன. நீலக் கூடாரம் அவள் தம்பி லோவெலுடையது.

காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் ஆர்லிஸின் பிழைப்பு. லோவெலின் சிநேகிதன் டேல் பனி உடைந்து ஏரிக்குள் போய்ச் செத்தானே, அந்த வருஷம்தான் சமையலறை மேஜையில் இந்த வேலையைத் தொடங்கினாள். தானே செய்த பித்தளை ஒலிவாங்கி டப்பா ஒன்றைப் பனிக்கடியில் தண்ணீரில் இறக்கி, ஹெட்போனில் முதன்முதலாகக் கேட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஏரி பேசிக்கொண்டிருந்தது! அக்கரையில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுவது இங்கே விசில் மாதிரிக் கேட்டது. இத்தனை வருஷம் இதன் மேலேயே நடந்தோமே, ஒரு வார்த்தை காதில் விழவில்லையே என்று அழுதுவிட்டாள். பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தத்துக்குப் பின் பனி உடைகிறது என்று படித்துக்கொண்டாள். ஏரிக்கு ஏரி ஒன்று வைத்தால் இன்னொரு டேல் சாக வேண்டாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தாள்.

காப்புரிமை வரவில்லை. வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது: இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது, மீறினால் சிறை. பின்னாலேயே கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து காபி குடித்தார்கள்.

"எதுக்குன்னாவது சொல்லுங்களேன்," என்றாள்.

"அதையும் சொல்லக் கூடாது மேடம்," என்றார் மூத்தவர். எலுமிச்சை கேக்கை முள்கரண்டியால் கிள்ளிக்கொண்டே, "உங்க டப்பாவுக்கு ஐஸ் மட்டுந்தான் கேக்குதுன்னு நெனைக்கிறீங்களா?" என்றார். சின்னவர் சட்டென்று அவரைப் பார்த்தார். மூத்தவர் கேக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அவர்கள் போனபின் ஆர்லிஸ் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கோ ஆழ்கடலில், யார் காதிலும் விழாமல் போக நினைக்கிற நீர்மூழ்கிக் கப்பல்கள், இரும்பு ராட்சதர்கள். அவர்களுக்கு இந்த டப்பாவைக் கண்டு பயம். பழைய கருவிகளின் உதிரிகளை வைத்துத் தன் இரண்டு கை செய்ததற்கு ஒரு நாட்டின் படையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா!

இப்போது அதே டப்பா, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏரி பிளக்கும் என்கிறது.

கருவியைக் கூடைக்குள் திணித்துத் துணியால் மூடிவிட்டு, பனி மேல் இறங்கி நடந்தாள். ஒவ்வொரு அடியும் அவளுக்குத் தெரிந்தே வைத்த அடி.

"லோவெல், எந்திரி. எல்லாரும் கரைக்கு வாங்க. இன்னைக்கு உடையப்போகுது."

பக்கத்துக் கூடாரத்திலிருந்து கார்ஸ்டன் தலையை நீட்டினான். "அடடே! இன்னைக்குன்னு சீட்டு வாங்கிட்டியா ஆர்லிஸ்? எங்கள பயமுறுத்தினா காரு மூழ்கிடுமா?"

எல்லாக் கூடாரத்திலும் சிரிப்பு. லோவெலும் சிரித்தான். "ரெண்டு சாண் கனம் இருக்குக்கா. உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் இவர்கள் நம்பப் போவதில்லை. எங்கே வரைக்கும் சொன்னால் அக்கறை, எங்கே தொடங்கினால் குற்றம்? "தெரியும்டா," என்றாள். "கேக்காதே. நீ வரலன்னா நானும் இங்கயேதான் நிப்பேன்."

லோவெலின் சிரிப்பு நின்றது. "நீ இந்த வருஷம் சீட்டே வாங்கலையேக்கா," என்றான் மெதுவாக. "போன வருஷமும் வாங்கல." அவள் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் அந்தக் கூடையைப் பார்த்தான், கோட்டுக்காரர்களின் கார் அக்கா வீட்டு வாசலில் நின்றதை நினைத்தானோ என்னவோ, சட்டென்று வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ஐயோ, முட்டி! டேய் கார்ஸ்டன், டேல் போன அன்னைக்கும் இப்படியேதான்டா குத்துச்சு. அன்னைக்கு நான் கேக்கல. கெளம்புங்கடா எல்லாரும்!"

டேல் பேரைச் சொன்ன பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கார்ஸ்டன் முணுமுணுத்துக்கொண்டே முதல் ஆளாகக் கூடாரத்தைப் பிரித்தான்.

எல்லோரும் கரையேறிக் காபி கூட ஊற்றியாகிவிட்டது. ஏரி அசையவில்லை. "முட்டியாம் முட்டி," என்று கார்ஸ்டன் ஆரம்பித்தபோது காற்று திரும்பியது. ஆர்லிஸ் மட்டுமே இதுவரை கேட்டிருந்த அந்த முனகல், கருவி எதுவும் இல்லாமல், ஊருக்கே கேட்டது. காலடியில் மண் அதிர்ந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. அது அகலமாகி, வெள்ளைச் சுவர்களாகப் பனி நிமிர்ந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறியது. பச்சைக் கார் மூக்கைக் கவிழ்த்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. கார் உள்ளே போனதும் கரையிலுள்ள மணியை அடிப்பது ஊர் வழக்கம். யாருக்கும் கை எழவில்லை. நீலக் கூடாரம் இருந்த இடத்தில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற கார்ஸ்டன், கடைசியில் லோவெலின் முழங்காலைக் கோயிலைப் பார்ப்பது போலப் பார்த்தான். "வருஷா வருஷம் நீதான்டா எங்களுக்குச் சொல்லணும்," என்றான்.

"சொல்றேன்," என்றான் லோவெல். அக்காவை அவன் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டான். அதன் கனத்தில் கை ஒரு கணம் தாழ்ந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நோயே அறியாத அந்த வலது காலை இழுத்து இழுத்து மேட்டில் ஏறத் தொடங்கினான்.