நாற்பதுக்குக் குறைந்தால்

அன்று அங்கே இருந்தவர்கள்: பத்தொன்பது குளிர்காலங்களாக அந்தப் பாறை நிலவறையில் வௌவால் எண்ணும் விலங்கியலாளர் ரோஸ்வித்தா. நிலவறையின் சொந்தக்காரர், பீர் ஆலை ஹைனர் லோட்டெஸ். விலங்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டு, எண்ண உதவிக்கு வரும் யோகென், அதாவது நான். அப்புறம் சப்பைமூக்கு வௌவால்கள். எத்தனை என்பதுதான் பிரச்சினை.

ரோஸ்வித்தாவுக்கும் லோட்டெஸுக்கும் இடையிலான ஒப்பந்தம் எளிமையானது. ஜனவரிக் கணக்கில் உயிருள்ளவை நாற்பதுக்குக் குறைந்தால் நிலவறை லோட்டெஸிடம் திரும்பிப் போகும். அவர் அதைச் சூடாக்கி மேசை நாற்காலி போடுவார். இந்த வௌவால்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்க இந்தப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

முப்பத்தொன்று எண்ணினோம். அவை வழக்கமாகத் தொங்கும் பின்னறை காலி. வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. வெளியே, பனி விழ வேண்டிய ஜனவரியில் பதினொன்று, தூறல். குளிர் உறைநிலையை ஒட்டி இருந்தால்தான் இவை தூங்கும். சூட்டில் விழித்தால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரையும், தின்னப் பூச்சியும் இருக்காது.

வாசலுக்கு வந்தோம். உள்பக்கமாகத் திறக்கும் இரும்புக் கதவு, விட்டால் தானாக வந்து அடித்துக்கொள்ளும். லோட்டெஸ் அதில் முதுகைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"என்ன டாக்டரம்மா, உங்க ஆளுங்க எல்லாம் இத்தாலிக்கு டூர் போயிட்டாங்களா?"

"முப்பத்தொண்ணு."

"அப்போ கையெழுத்துப் போட்டுடலாம். ரொட்டிக்காரத் தம்பி, பேனா இருக்கா?"

கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. அதில் ஒரு கறுப்புக் காது தெரிந்தது.

"அசையாதீங்க!" என்றேன்.

"ஏன், பேயா?"

"கதவுக்குப் பின்னாடி வௌவால். அழுத்தினா நசுங்கும். விட்டீங்கன்னா கதவு அடிச்சு எல்லாம் முழிச்சுக்கும்."

உள்ளே சூடு ஏறியதும் அவை இரவுக் காற்றில் குளிரும் இந்த இரும்பைத் தேடி வந்திருக்கின்றன. கதவின் முதுகை நாங்கள் ஒரு வருடம்கூடப் பார்த்ததில்லை.

லோட்டெஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதுகை இன்னும் ஓர் அங்குலம் தள்ளினால் போதும், நிலவறை அவருடையது. ரோஸ்வித்தா அவர் தோளையே பார்த்தார்.

"எண்ணித் தொலைங்க," என்றார் லோட்டெஸ். "முட்டி வலிக்குது."

வௌவாலை எழுப்பாத சிவப்பு விளக்கை ரோஸ்வித்தா பிடித்தார். நான் குச்சியில் கட்டிய சின்ன முகக்கண்ணாடியை இடைவெளியில் மெல்ல நுழைத்தேன். இரண்டு, ஐந்து, ஆறு. லோட்டெஸின் தொடைகள் நடுங்கின. ஏழு, எட்டு.

"எட்டுன்னா முப்பத்தொம்பது," என்றார் அவர். "எனக்கும் கணக்கு வரும்."

கீழே, தாழ்ப்பாள் சுவரில் முட்டும் இடத்தில் இன்னொன்று இருந்தது.

"ஒம்பது," என்றேன். "மொத்தம் நாப்பது."

ரோஸ்வித்தா கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு என் காதருகே, "யோகென், அது செத்துப்போச்சு," என்றார்.

"எப்பவோ செத்திருக்கும்."

"ரத்தம் ஈரமா இருக்கு."

காலையில் இரண்டு கையிலும் பைகளோடு கதவைக் காலால் உதைத்துத் திறந்தவன் நான்.

"அவருக்குத் தெரியாது. நாப்பதுன்னு எழுதுங்க."

"எனக்குத் தெரியுமே." ரோஸ்வித்தா நிமிர்ந்தார். "முப்பத்தொம்பது, லோட்டெஸ். நிலவறை உங்களோடது."

லோட்டெஸ் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மார்ச் முடியட்டும், அதுங்க முழிச்சுப் போகட்டும். ஏப்ரல் ஒண்ணாம் தேதி என் ஆளுங்க வந்துடுவாங்க," என்றார்.

நான் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகை எடுத்துவிட்டு வெளியே போய்க் கதவின் வெளிப்பக்க இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் பற்றினார். அடுத்து நான் வந்தேன். ரோஸ்வித்தா ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டுக் கடைசியாக வந்தார். லோட்டெஸ் கதவை அங்குலம் அங்குலமாக, சத்தமில்லாமல் இழுத்து மூடினார். ரோஸ்வித்தாவின் கையிலிருந்து சாவியை வாங்கிப் பூட்டினார்.