அறுபது கிலோ பிளம்ஸும் ஒரு பச்சை ரிப்பனும்

எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்றைக் காப்பாற்ற முடியாது. காரணம், மஞ்சள் பை. காலித் தயிர்க் கோப்பை, பிஸ்கட் உறை, பால் டப்பா எல்லாவற்றையும் அதில் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலியில் தொங்கவிடுவோம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் படிப்பார்கள். என் பக்கத்து வீட்டு ரோஸ்விதா கெஸல்ரிங் தெருவின் பைகளைப் படிப்பார்.

"ஹெர் ப்ரூமர், ஒம்போது சாக்லேட் புட்டிங்கா? உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

ஹெர் என்றால் திரு, ப்ரூமர் என்றால் நான். அந்த அம்மாள் முப்பத்து நான்கு வருடம் சுங்கத்துறையில் இருந்தவர். எல்லையில் ஒரு ஈ பறந்தால்கூட இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார். ஓய்வு பெற்றதும் அவர் பிடித்துக்கொண்ட வேலை, உறைகளைத் திருப்பி அனுப்புவது. இங்கே பொட்டலம் கட்டி விற்பவர்தான் அந்தப் பொட்டலத்தின் கடைசிக் காரியத்துக்கும் பொறுப்பு. நிறுவனங்கள் அதற்குச் சந்தா கட்டுகின்றன, லாரி வந்து மஞ்சள் பைகளை அள்ளிக்கொண்டு போகிறது. ஊருக்கெல்லாம் அது போதும். அவருக்குப் போதாது. உறையைக் கழுவி, துடைத்து, தாளாக இருந்தால் இஸ்திரியும் போட்டு, ஒரே வாசகத்தோடு தபாலில் சேர்ப்பார்: "இது உங்கள் பொருள். தவறுதலாக என் வீட்டில் தங்கிவிட்டது. பெற்றுக்கொள்ளவும்."

ஒரு பிஸ்கட் கம்பெனி மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பியது. பிஸ்கட்டுக்கு மேல் ஜிகினாத்தாள், அதற்கு மேல் தட்டு, பெட்டி, கண்ணாடித்தாள், குஞ்சம். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஐந்தையும் திருப்பி அனுப்பினார். இவர் கையெழுத்தைக் கண்டாலே அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார்களாம். நான் கிளப்பிவிட்ட செய்திதான். ஆனாலும் இப்போது நானே நம்புகிறேன்.

இந்த அம்மாள் வருடா வருடம் அறுவடைச் சந்தையில் பிளம்ஸ் ஜாம் விற்பார். கிணற்றடியை ஒட்டிய இடம், பதினாறு வருடமாக அவருடையது. ஒரு வருடம் விட்டால் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. அந்த ஜாமை ஒரு கரண்டி தின்றால், பல் இல்லாதவனுக்கும் பல் முளைக்கும். புட்டியும் அழகு: மூடிக்கு மேல் பூப்போட்ட துணி, பச்சை ரிப்பன், கையெழுத்துச் சீட்டு, எல்லாவற்றையும் போட்டுத் தர ஒரு காகிதப் பை.

போன செப்டம்பரில் எனக்குள் இருந்த குரங்கு விழித்துக்கொண்டது. பஸ் ஓட்டிய காலத்தில் அதற்கு நேரமில்லை. ஓய்வு பெற்றபின் அதற்கு வேறு வேலையில்லை. கடைசி ஜாம் புட்டியை வழித்து நக்கிக் கழுவினேன். ரிப்பனுக்கு இஸ்திரி போட்டேன். எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, "இது உங்கள் பொருள். தவறுதலாக என் வீட்டில் தங்கிவிட்டது," என்று எழுதி, இருபது அடி தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன்.

சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து படித்து, விற்பனைக்கு ஒரே ஒரு புட்டி நிரப்பினாலும் ஆள் உற்பத்தியாளர்தான், உறைகளுக்கான பதிவு எண் வேண்டும் என்று கண்டுபிடித்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நகராட்சிக்குப் போய்த் தன்னைப் பற்றித் தானே புகார் கொடுத்தார்.

சந்தை அதிகாரி டெம்போவ்ஸ்கி பாவம். பதினாறு வருடமாக அவர் கேட்கவுமில்லை, கேட்கப்போவதுமில்லை. காதில் விழுந்தபின் என்ன செய்வார்? எண் இல்லாமல் புட்டி விற்கக் கூடாது, விற்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று சொல்லவேண்டியதாயிற்று. சந்தைக்கு ஒன்பது நாள். ரோஸ்விதாவின் சமையலறையிலோ அறுபது கிலோ பிளம்ஸ், பாதி ஏற்கெனவே பானையில்.

பதிவு செய்வது பத்து நிமிட வேலை. இவருக்கு அது முடியவில்லை. படிவத்தில் உறையில் எந்தப் பொருள் எவ்வளவு எடை என்று கேட்டிருந்தார்கள். ரிப்பனைத் தபால் தராசில் நிறுத்தார். சீட்டையும் நிறுத்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது: சீட்டை ஒட்டும் பசை காகிதக் கணக்கா, தனிக் கணக்கா? ஈரமாக நிறுப்பதா, காய்ந்தபின்னா? பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

டெம்போவ்ஸ்கி வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "குத்துமதிப்பா ஒரு எடை போடுங்கம்மா, யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே," என்றார் அவர்.

ஆறு நாள் போயிற்று. பதில் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பானை கொதிக்கும் மணம் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. என் பையில் பதினோரு புட்டிங் கோப்பைகளைத் தெரியும்படி அடுக்கி வைத்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. விளையாட்டு வினையாகிவிட்டது. போய்க் கதவைத் தட்டினேன்.

சமையலறை முழுக்கக் காலிப் புட்டிகள், வரிசையாக, கைதிகளைப் போல. அவர் கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயம் நறுக்கியதாகச் சொன்னார். பிளம்ஸ் ஜாமில் வெங்காயம்.

"விளையாட்டுக்குச் செஞ்சேன், ஃப்ராவ் கெஸல்ரிங். அந்தப் பெட்டிய மறந்துடுங்க."

"எதுக்கு மறக்கணும்? நீங்க செஞ்சது சரி. வாழ்க்கையில மொதத் தடவையா."

புட்டிதானே சிக்கல், ஜாம் இல்லையே என்று முணுமுணுத்தேன். நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்க வாய் உளறியது. அவர் கரண்டி நடுவழியில் நின்றது. பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பொட்டலமே கட்டாதவன் எதற்கு எண் வாங்க வேண்டும்?

"நான் பானையோட போறேன். பாத்திரம் அவங்க கொண்டு வரட்டும். ஊருக்குச் சொல்றது உங்க வேலை."

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய ஊர் இது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று சொன்னேன், ஒரு மணிக்கு நாலு நிறுத்தம், இம்முறை நடந்து. சனிக்கிழமை கிணற்றடியில் நின்ற வரிசை தேவாலயத்தைச் சுற்றி, ஆற்றைத் தாண்டி, அடுத்த மாவட்டத்தில் முடிந்தது என்பேன். டெம்போவ்ஸ்கி நாற்பது பேர் என்பார், அவர் அதிகாரி, குறைத்துத்தான் சொல்வார். பீர்க் குவளை வந்தது, பூச்சாடி வந்தது, பல்செட் ஊறவைக்கும் கிண்ணத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பழைய சுங்க அதிகாரி அனுமதி கொடுத்தார். பெரியவருக்குக் கொடுக்கவில்லை. பத்தரை மணிக்குப் பானையில் அடி தெரிந்தது. டெம்போவ்ஸ்கி தன் கோப்பையை நிரப்பிக்கொண்டு, அடுத்த வருடத்துக்கும் கிணற்றடி ரோஸ்விதா பெயரில்தான் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக நான் நின்றேன், வெறுங்கையோடு. ஊருக்கெல்லாம் சொன்னவன் எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மேசைக்கு அடியிலேயே நான் அனுப்பிய புட்டி இருந்தது, ரிப்பனோடு.

"அதுல குடுங்களேன்."

"எண் வரல. குடுத்தா நான் உற்பத்தியாளர்."

கெஞ்சினேன். என் பஸ் தொப்பியை நீட்டினேன். உள்பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு எதிர்க் கடையைப் பார்த்து, ஒரு பெரிய ரொட்டித் துண்டு வாங்கிவரச் சொன்னார். பானையின் அடியில் இருந்ததையெல்லாம் வழித்து, கோபுரம் போல அதன்மேல் குவித்தார்.

"இந்த உறைக்கு முழுப் பொறுப்பு உங்களது. ஒரு துணுக்கு மிஞ்சக் கூடாது."

அவர் கண்முன்னால் நின்றே பொறுப்பை நிறைவேற்றினேன். விரல்களையும் சேர்த்து.