மற்றவர் செய்த பாகம்

என் வகுப்பில் ஒவ்வொரு குழுவிலும் மெக்கானிக்கல் ஒருவர், எலெக்ட்ரிக்கல் ஒருவர், கம்ப்யூட்டர் ஒருவர். மூவரும் மூன்று நாட்டு மாணவர்கள்; சேர்ந்து ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். அவர்களுக்குப் பொதுவாக இருப்பது நான் பாடம் நடத்தும் ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் அரைகுறை. இறுதித் தேர்வுக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன்: தான் செய்ததை யாரும் விளக்கக் கூடாது, குழுவில் அடுத்தவர் செய்த பாகத்தைத்தான் விளக்க வேண்டும்.

துறைத்தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "வம்பை விலைக்கு வாங்குறீங்க மேடம். வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் முன்னாடி சொதப்பினா அடுத்த வருஷம் இந்த வகுப்பே கிடையாது. அவங்கவங்க துறைக்கே போகட்டும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளுக்குள் பயம்தான். காரணம் 'ஓகே'. எதைக் கேட்டாலும் "ஓகே" என்று தலையாட்டும் எலெக்ட்ரிக்கல் மாணவிக்கு வகுப்பு வைத்த பெயர் அது. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் கட்டில் அவள் குழுவுடையது. அதில் கியர் பெட்டியை விளக்குவது அவள் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் பட்டறையே கதி என்று கிடந்தாள். மெக்கானிக்கல் பையனைக் கேள்வி கேட்டே துளைத்து, பெட்டியை ஏழு தடவை கழற்றி மாட்டினாள்.

தேர்வன்று கட்டில் பாதி எழுந்து நின்றுவிட்டது. மெக்கானிக்கல் பையன் "சர்க்யூட் போச்சு" என்று ஒயர்களைப் பிடித்து இழுத்தான். கம்ப்யூட்டர்காரன் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டான். துறைத்தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

'ஓகே' குனிந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"ஒயரை விடு" என்றாள், எண்ணி எண்ணி எடுத்து வைத்த ஆங்கிலத்தில். "மோட்டார் சுத்துது. கியர் சுத்தல. நடுவுல ஒரு ஸ்க்ரூ இருக்கு. அது லூஸ்."

மூடியைத் திறந்து இறுக்கினாள். கட்டில் முழுதாக எழுந்து உட்கார்ந்தது. பிறகு தேர்வாளர் கேட்ட அத்தனை கேள்விக்கும் திக்கித் திக்கியாவது பதில் சொன்னாள். ஒன்றிலிருந்துகூட நழுவவில்லை.

"அடுத்த வருஷமும் இந்த வகுப்புக்கு என்னையே கூப்பிடுங்க" என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டுத் தேர்வாளர் கிளம்பினார்.

துறைத்தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "அந்த ஸ்க்ரூ விஷயத்தை முன்னாடியே சொல்லிக் கொடுத்து வச்சிருந்தீங்களா மேடம்?"

"எனக்கே தெரியாது சார்" என்றேன். இருபது வருட வாத்தியார் வேலையில், தெரியாது என்று இவ்வளவு கர்வத்தோடு நான் சொன்னதே இல்லை.