நண்டு மேசையில் ஒரு கரைவலை

கப்பல்துறையில் நண்டுத் தொழிற்சாலை திறந்த அன்று, முகாமையாளர் ஆனந்தராசா வேலைக்கு வந்த பெண்களை வரிசையில் நிறுத்தி உலக வரலாறு சொன்னார். நண்டு ஐஸில் காத்திருந்தது.

"இங்கிலாந்தில இருநூறு வருசத்துக்கு முதல் நடந்தது, இண்டைக்கு எங்கட திருகோணமலையில நடக்குது. தொழிற்புரட்சி!"

சுவரில் படங்கள் ஓடின. புகை கக்கும் ஆலை, நீராவி இயந்திரம், தறிக்கு முன்னால் நிற்கும் பெண்கள். அடுத்த படத்தில் ஆலை வாசலில் ஒரு பெருங்கூட்டம் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றது. ஆனந்தராசா அவசரமாகப் பொத்தானை அமத்தினார்.

"இது எங்களுக்குத் தேவையில்லை."

அதற்கடுத்த படத்தில் கோட் போட்ட ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த நஸ்ரின், பக்கத்தில் நின்ற, சல்லி என்ற கடற்கரை ஊர்ப் பெண் நிருஜாவின் காதில் சொன்னாள்: "என்ன புள்ள, இடையில ஒரு படத்தை மனிசன் விழுங்கிட்டாரே."

புரட்சிக்குச் சைரன் இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று ஆனந்தராசா கூரையில் ஒரு சைரனும் பூட்டினார். அது ஊதினால் கப்பல்துறை நாய்கள் எல்லாம் எழும்பி நின்று பதில் ஊளையிட்டன. ஊரில் முதன்முதலாக நேரம் தவறாமல் நடக்கப் பழகியவை அவைதான்.

புரட்சி சல்லிக்கும் வந்தது, ஆனந்தராசாவுக்குத் தெரியாமல். நிருஜா சம்பளம் கொண்டுவந்த மாதத்திலிருந்து மாமியார் கோணேஸ்வரி அவளை "இவள்" என்பதை விட்டு "பிள்ளை" என்று கூப்பிடத் தொடங்கினா. கடலுக்குப் போய் வந்த புருசன் லதீசன் குசினிக்குள் நின்று சோறு வடிக்கப் பழகினான். கோயில் திருவிழாக் கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து நிருஜா எழும்பி, தண்ணீர்த் தாங்கி எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னபோது ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைவிட அதிசயம், தாங்கி அவள் சொன்ன இடத்தில் வைக்கப்பட்டது. இந்த வேலை போனால் இதெல்லாம் எவ்வளவு வேகமாகப் பழையபடி திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். லதீசன் இப்போதே அடிப்பிடித்த பானையைக் கண்ணீரோடுதான் தேய்க்கிறான்.

வேலை போகத்தான் பார்த்தது. அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுப்பது வேலை. ஒவ்வொருத்திக்கும் ஒரு கிண்ணம், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தராசு, நிறை வெள்ளைப் பலகையில் ஏறும். கூடுதலாகப் பிடுங்கியவளின் படம் "சிறந்த ஊழியர்" என்று சுவரில் தொங்கும். தொடர்ந்து கீழே நிற்பவள் வீட்டுக்குப் போவாள். நிருஜாவின் பெருவிரலில் ஓட்டு முள் ஏறி, விரல் வீங்கிப் போயிருந்தது. அவளுடைய பெயர் பலகையின் அடியில் இறங்கிக்கொண்டே வந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பம்" என்றார் ஆனந்தராசா, கனிவாக. "நான் தனிப்பட்ட முறையில ஒண்டும் செய்ய ஏலாது. இது விஞ்ஞானம்."

தேத்தண்ணி நேரத்தில் நிருஜா விரலைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உங்கட சல்லியில எல்லாருமாக் கரையில நிண்டு கரைவலை இழுக்கேக்க ஒருத்தருக்குக் கை கிழிஞ்சா என்ன செய்வினம்?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"கயிறு சுருட்ட விடுவினம் ராத்தா."

"பங்கு?"

"பங்கு பங்குதான். கயித்தில கை வச்ச ஆள் எல்லோ."

"எங்கட பக்கமும் அப்பிடித்தான். கடலுக்கு விளங்கினது இந்தப் பலகைக்கு விளங்கேல்ல. நாங்களும் இங்க பங்கு போட்டா என்ன?"

எல்லோரும் மின்ஹாவைப் பார்த்தார்கள். சுவரில் தொங்குவது மின்ஹாவின் படம். அதைப் பார்க்கவென்று அவளுடைய உம்மா அயலட்டையைக் கூட்டிக்கொண்டு ஆலை வாசல் வரை வந்து, காவலாளியோடு சண்டை பிடித்துப் போனவ.

மின்ஹா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். "அந்தப் படத்தில எனக்குக் கண் மூடியிருக்கு" என்றாள் கடைசியில். "கழட்டினாக் கழட்டட்டும்."

அன்றிலிருந்து மேசை நடுவில் ஒரு பெரிய பேசின் வந்தது. பிடுங்கிய சதை எல்லாம் அதற்குள். நிருஜா பிடுங்கவில்லை, சுகமான கையால் சதையைத் துழாவி ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். நிறுக்கும் நேரம் பேசினிலிருந்து எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அளவாக அள்ளிப் போட்டார்கள்.

மாலையில் பலகையில் எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே நிறை. ஆனந்தராசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுநாளும் அப்படியே. அவர் உடனே முடிவுக்கு வந்தார்: தராசு பழுது. தராசு திருத்துகிற யோகலிங்கத்தை டவுனிலிருந்து கூப்பிட்டார்.

யோகலிங்கம் தராசைக் கழற்றிப் பூட்டினார். "தராசு சரி சேர்."

"அப்ப எப்பிடி எல்லாரும் ஒரே நிறை?"

"அதுக்கு மனிசரைக் கழட்டிப் பாக்க வேணும். எனக்கு ஏலாது."

ஆனந்தராசா மேசைக்கு வந்தார். பேசினைக் கண்டார்.

"இது ஆரின்ட யோசனை?"

எல்லோரும் குனிந்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெயர் வேணும் எனக்கு!"

"என்ட பெயரைப் போடுங்க சேர்" என்றாள் நஸ்ரின்.

"என்ட பெயரையும்" என்றாள் மின்ஹா. பிறகு மேசை முழுக்கப் பெயர் சொல்லத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருந்த ஆனந்தராசாவின் பேனை நடுவில் நின்றது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் நண்டை அவர்தான் உடைக்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் நிருஜாவைக் கூப்பிடுவதற்கு முதல் ஆலையின் நண்டுச் சதையை வாங்குகிற வெளிநாட்டு அம்மணி வந்து இறங்கினா. போன தடவை அனுப்பிய சதையில் ஓடு கிடந்து, பாதியைத் திருப்பி அனுப்பியவ. இந்த முறை ஒரு பிடி அள்ளி விரலால் நசித்துப் பார்த்தா; இன்னொரு பிடியும் பார்த்தா. ஓடு இல்லை. எப்படி என்று கேட்டா.

ஆனந்தராசா பேசினைப் பார்த்தார், நிருஜாவைப் பார்த்தார், கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார்.

"நான் அறிமுகப்படுத்தின கூட்டுமுறை" என்றார்.

அம்மணி கைகொடுத்தா. ஆனந்தராசா அந்தக் கையை விட மனமில்லாமல் குலுக்கினார்.

அம்மணி போனதும் எல்லோரையும் மறுபடி வரிசையில் நிறுத்தினார். மேசைக்கு ஒரே நிறை, ஓடு பொறுக்க நிரந்தரமாக ஓராள், நிருஜா வேலையில் இருக்கிறாள், வெள்ளைப் பலகை கழற்றப்படும். இதெல்லாம் தன்னுடைய நீண்டகாலச் சிந்தனையின் விளைவு என்றார். மேசை கைதட்டியது. மின்ஹா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

"கேள்வி ஏதும்?" என்று வழக்கப்படி கேட்டுவிட்டுப் போக வெளிக்கிட்டார்.

துணி சுற்றிய பெருவிரலோடு ஒரு கை உயர்ந்தது.

"சேர், திறந்த அண்டைக்கு ஒரு படத்தைத் தாண்டினீங்கள்" என்றாள் நிருஜா. "ஆலை வாசலில கையை உயர்த்திக்கொண்டு நிண்டவை. அவை என்ன கேட்டவை?"

"அது பழைய கதை, பிள்ளை."

"பழசெண்டாலும் பரவாயில்லை சேர். நாங்களும் காலையில இருந்து நிண்டுதானே வேலை செய்யிறம். அவையும் இருக்கக் கதிரை கேட்டவையோ எண்டு பாக்கத்தான்."

ஆனந்தராசா கணினியில் தேடினார். படம் கிடைக்கவில்லை என்றார்.

"ஆறுதலாத் தேடுங்க சேர்" என்றாள் நஸ்ரின்.

வேலை முடிகிற சைரன் ஊதியது. கப்பல்துறை நாய்கள் எழும்பி நின்று ஊளையிட்டன. மேசைக்காரிகள் ஒருவரும் அசையவில்லை. நிருஜா கையை இன்னும் இறக்கவில்லை. பக்கத்தில் மின்ஹாவின் கையும் உயர்ந்தது.